ஒரு குரல், ஒரு கிட்டார்: பிரேசில் நாட்டுப்பாடலையும் ஆபராவையும் இருவராகச் சேர்ந்து பாட முழுமையான வழிகாட்டி

ஆபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாணியைப் பயின்ற ஒரு சொப்ரானோவும் (உச்சப் பெண்குரல் பாடகி) நைலான் கம்பி கிட்டார் வாசிக்கும் ஒருவரும் பிரேசில் பாடல்களைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். நாட்டுப்பாடல் எளிமையானது, அதை ஆபராவால் உயர்த்த வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் கிட்டார் வாசிப்பவன். என்னுடன் பாடும் தோழியும் நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் உழைத்தோம். பாடல்கள் பெரிதாயின, உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது. பிரேசில் பாடலில் ஆபராவை நாம் போய்ச் சேர்க்க வேண்டியதே இல்லை, அது இருநூறு ஆண்டுகளாக உள்ளேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் மட்டும் குரலைத் திறந்துவிட்டால் போதும்.

கிட்டாரில் ஓரளவு விரல் பழகியவருக்கும், மேற்கத்திய முறையில் குரல் பயிற்சி பெற்றவருக்கும் இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். குரல் ஐந்தாவது படியில்தான் வருகிறது என்று பாடுபவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

படி 1: இரண்டும் எங்கே சந்தித்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மொஜிஞா என்ற பாடல் வகையிலிருந்து தொடங்குங்கள். காதலும் பிரிவும் பேசும் மென்மையான பாடல் அது. 1770களில் பிரேசிலிலிருந்து வந்த கால்டாஸ் பார்போசா என்ற கவிஞர், கம்பி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு லிஸ்பன் பிரபுக்களின் கூடங்களில் மொஜிஞா பாடிப் புகழ் பெற்றார். அடுத்த நூற்றாண்டில் இத்தாலிய ஆபரா பிரேசில் மேடைகளை ஆக்கிரமித்தபோது, அதன் நீண்ட வளைவுகள் மொஜிஞாவுக்குள் புகுந்தன. பிறகு அந்த மொஜிஞா தெருவுக்கு இறங்கி, நிலவொளியில் கிட்டாருடன் சன்னலடியில் பாடப்படும் பாட்டாயிற்று. பிரேசில் எழுத்தாளரும் இசை ஆய்வாளருமான மாரியோ டி அண்ட்ராடி 1930இல் பேரரசுக் கால மொஜிஞாக்களைத் தொகுத்து வெளியிட்டபோது இந்தப் பயணத்தைத்தான் ஆராய்ந்தார்.

கார்லோஸ் கோமிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1836இல் கம்பினாஸ் ஊரில் பிறந்தவர். அவருடைய 'இல் குவாரனி' ஆபரா 1870 மார்ச் 19 அன்று மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேறியது. அதற்குப் பத்தாண்டு முன்பே அவர் ஒரு மொஜிஞா எழுதிவிட்டார்: 'கெய்ம் சாபி'. தொலைவில் இருக்கும் காதலியின் நினைவு எங்கே போகிறதோ என்று கேட்கும் பாட்டு. அதன் மெட்டு ஆபராவின் தங்கை போலவே இருக்கும். ஆனால் பிரேசில் வீடுகளில் ஆபரா வாசனையே அறியாதவர்களும் அதைப் பாடிவந்திருக்கிறார்கள். உங்கள் முதல் பாடலாக இதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலகமும் ஒரே மெட்டில் உட்கார்ந்திருப்பதை வாயால் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இருவர் என்ற வடிவமும் அந்த மண்ணுக்கு அந்நியமில்லை. பிரேசிலின் வடகிழக்கில் இரண்டு பாடகர்கள் ஆளுக்கொரு விஓலா (கிட்டார் வகை வாத்தியம்) வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே செய்யுள் கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். இன்னொரு வகையில் இருவர் கையில் பண்டெய்ரோ என்ற கஞ்சிராவைப் போன்ற தோல்கருவி இருக்கும், நாக்கு சுழலும் வேகத்தில் போட்டி நடக்கும். சாவோ பாவ்லோ உட்புறக் கிராமங்களில் இரட்டையர் குரல்கள் மூன்றாம் சுர இடைவெளியில் ஒட்டியே நகரும். நீங்கள் இருவர் மேடையேறும்போது ஒரு பழைய வரிசையில்தான் போய் நிற்கிறீர்கள்.

படி 2: முன்னோடிகளைக் கேளுங்கள்

ஒரு மாதம் கேட்பதற்கே ஒதுக்குங்கள். பட்டியல் நீளமாக வேண்டாம், சிலரை ஆழமாகக் கேட்டால் போதும்.

எல்சி ஹூஸ்டன் 1902இல் பிறந்தவர். ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஆசிரியர்களிடம் முறையாகக் குரல் பயின்றவர். அதே கையோடு பிரேசில் நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1930இல் பாரிசில் நூலாகவும் வெளியிட்டார். குரல் எப்போது திறக்கிறது, எப்போது சுருங்கிப் பேச்சாகிறது என்பதை இவரிடம் கவனியுங்கள்.

ஓல்கா ப்ராகெர் கொயேலு, 1909இல் மனாவுஸ் நகரில் பிறந்தவர். சொப்ரானோவும் அவரே, கிட்டாரும் அவரே. நாம் இருவர் செய்யப்போவதைத் தனி ஆளாகச் செய்தவர். பிரேசில் இசையமைப்பாளர் எய்டோர் வில்லா-லோபோஸ் தன் புகழ்பெற்ற ஆரியாவை (தனிக்குரல் பாட்டு, ஆறாவது படியில் வரும்) குரலுக்கும் கிட்டாருக்குமாக மாற்றி எழுதியது இவருக்காகத்தான்.

வால்டெமார் ஹென்ரிக்கே அமேசான் முகத்துவார நகரமான பெலெமில் 1905இல் பிறந்தவர். நதி மக்களின் கதைகளை மேடைப் பாடல்களாக்கினார். தன் சகோதரி மாரா பாட, தான் பியானோ வாசித்து ஊர் ஊராகச் சென்றார். நல்ல ஆடை அணிந்து கரைக்கு வந்து பெண்களை மயக்கும் நதி ஓங்கிலைப் பற்றிய அவருடைய பாடல், ஒரு ஆபராக் காட்சியை மூன்று நிமிடத்தில் அடக்கியது போல இருக்கும்.

லவுரிண்டோ அல்மெய்டா பிரேசிலிலிருந்து 1947இல் அமெரிக்கா போன கிட்டார் கலைஞர். மெஸ்ஸோ சொப்ரானோ (சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த பெண்குரல்) சாலி டெர்ரியுடன் அவர் சேர்ந்து 1958இல் வெளியிட்ட இசைத்தட்டில் புல்லாங்குழலும் உண்டு. குரலும் கிட்டாரும் ஒரே அறையில், ஒரே உயரத்தில் நிற்பது எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு அதுவே இன்றும் என் அளவுகோல். முதல் கிராமி விருது விழாவில் செவ்வியல் ஒலிப்பதிவுக்கான விருது அதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

பிடு சையாவின் குரலை ஆறாவது படியில் சந்திப்போம்.

படி 3: தாளம் கட்டைவிரலில் இருக்கிறது

இந்தப் படி கிட்டார் வாசிப்பவருக்கு. பாடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டட்டும், பாட வேண்டாம்.

வடகிழக்கின் பயாவ் தாளத்தை எட்டுச் சிறு அடிகளாகப் பிரித்தால் அழுத்தம் 3, 3, 2 என்று விழும். நமக்கு இது கடினமே இல்லை. 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள், வந்துவிட்டது. ஒவ்வொரு கூட்டத்தின் முதல் எழுத்திலும் கட்டைவிரல் தாழ்ந்த கம்பியைத் தட்டட்டும், மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் இலேசாக இடைவெளியை நிரப்பட்டும். சபும்பா என்ற பெரிய மத்தளத்தின் வேலையைத்தான் அந்தக் கட்டைவிரல் செய்கிறது. அதன் அடி மங்கலாக இருந்தால் மேலே எவ்வளவு அழகான குரல் வந்தாலும் பாட்டு மிதந்து போய்விடும்.

ரியோ நகரத்து ஷோரோ இசையில் கட்டைவிரலுக்கு இன்னொரு பெருமை உண்டு. அங்கே ஏழு கம்பி கிட்டார் தாழ்ந்த சுரங்களில் தனி மெட்டே ஓட்டும், பாட்டுக்குப் பதில் சொல்லும். வில்லா-லோபோஸ் இளமையில் ரியோ தெருக்களில் இந்த இசைஞர்களோடு திரிந்து வாசித்தவர். செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) தந்தை கற்றுக்கொடுத்தது, கிட்டார் தெரு கற்றுக்கொடுத்தது. அவர் எழுதியவற்றில் அடிக்குரல் ஏன் இப்படி நடமாடுகிறது என்பது அங்கிருந்துதான் வருகிறது. உங்களிடம் ஆறு கம்பிதான் இருந்தாலும் ஆறாவது கம்பியைத் தளர்த்தி ஒரு சுரம் இறக்கிக்கொள்ளலாம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அடிக்கம்பியில் மூன்று நான்கு சுரங்கள் நடந்து போகட்டும். அந்த மூச்சு இடைவெளி வெறுமையாகாது.

மெட்டைப் பற்றியும் ஒன்று. வடகிழக்குப் பாடல்கள் பலவற்றில் நிஷாதம் தாழ்ந்தும், சில வேளை மத்யமம் உயர்ந்தும் வரும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அரிகாம்போதியின் சுரங்களும் வாசஸ்பதியின் சுரங்களும் நினைவுக்கு வரும். சுரங்கள் அவைதான், கமகம்தான் இல்லை. அதனால் பழக்க தோஷத்தில் சுரத்தை அசைத்துவிடாதீர்கள், நேராக நிறுத்துங்கள்.

படி 4: மொழி

மாரியோ டி அண்ட்ராடி 1937இல் சாவோ பாவ்லோவில் ஒரு மாநாடே கூட்டினார், பிரேசிலின் போர்த்துகீசியத்தை மேடையில் எப்படிப் பாடுவது என்று முடிவு செய்வதற்காக. ஆபராப் பாடகர்கள் எல்லா மொழியையும் இத்தாலிய உயிரெழுத்துகளோடு பாடியது அவர்களுக்கு உறுத்தியது. நமக்கும் உறுத்த வேண்டும்.

தமிழ் பேசுபவர்களுக்கு இங்கே இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, ஞ. 'கமிஞு' என்றால் வழி. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் இதற்குத் திணறுவார்கள், நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கிறது. இரண்டு, மூக்கொலி. 'செர்டாவ்' என்றால் வடகிழக்கின் வறண்ட உள்நாடு. அந்தக் கடைசி ஒலியை எழுத்தில் காட்ட முடியாது, மூக்கில் கரைய வேண்டும். வீட்டில் பேசும்போது 'மரம்', 'பணம்' என்ற சொற்களின் கடைசி எழுத்தில் உதடு மூடுகிறதா என்று கவனியுங்கள். மூடாது. ஒலி மூக்கிலேயே முடிந்துவிடும். அந்த இடம்தான் வேண்டியது. உச்சத்தில் நீட்டிப் பிடிக்கும்போது மட்டும் உயிரெழுத்தைத் திறந்து வைத்து, மூக்கொலியைக் கடைசி நொடிக்குத் தள்ளுங்கள். முதலிலேயே மூக்கில் ஏற்றினால் குரல் அடைத்துக்கொள்ளும்.

சொல்லின் முடிவில் வரும் ஓ பெரும்பாலும் உ ஆகும், ஏ பெரும்பாலும் இ ஆகும். மீதியை ஒரு பிரேசில்காரரிடம் நேரில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் ஒத்திகைக்கு வரக்கூடாது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது. கிட்டார் வாசிப்பவருக்கும் சேர்த்துத்தான்.

படி 5: குரலை எங்கே இறக்குவது, எங்கே திறப்பது

ஆபராக் குரல் மைக் இல்லாமல் ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரப் பழக்கப்பட்டது. நைலான் கம்பி கிட்டாரோ ஒரு சிறிய அறைக்குப் பிறந்த வாத்தியம். இரண்டையும் அப்படியே அருகருகே வைத்தால் கிட்டார் காணாமல் போகும்.

கிட்டாரை ஒலிபெருக்கியில் ஏற்றிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். முதல் வழியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் ஒத்திகை ஒன்றைச் சொல்கிறேன். தோழி வழக்கம்போல் நின்றுகொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பாடினாள். என் காதில் கிட்டார் விழவே இல்லை, நகம் கம்பியில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. ஒரு நாள் முதுகு வலி என்று நாற்காலியை இழுத்துப்போட்டு என் வலப்பக்கம், முழங்கைக்கு அருகில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்ப்பதை விட்டு என் கட்டைவிரலைப் பார்த்தாள். அடுத்த வரியில் அவள் குரல் பாதியாயிற்று. யாரும் சொல்லவில்லை, கம்பியின் அசைவைக் கண்ணால் பார்த்ததும் குரல் தானாக அதற்கு இடம் விட்டது. அன்றிலிருந்து புதிய பாடல் எதையும் நாங்கள் முதலில் உட்கார்ந்தே பாடுகிறோம்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை: ஸ்ருதியை வழக்கத்தைவிட இரண்டு மூன்று சுரம் இறக்குங்கள், அப்போதுதான் வரிகள் பேச்சுக் குரலுக்கு அருகில் வரும். குரல் அதிர்வைப் பாட்டின் இயல்பாக வைக்காமல் அணியாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட சுரத்தின் பின்பாதியில் மட்டும் வரட்டும். மெய்யெழுத்துகளைக் கடித்துச் சொல்லுங்கள், நாட்டுப்பாடலில் தாளத்தைப் பாதி தாங்குவது மெய்யெழுத்துதான். ஒரு பாட்டில் குரல் முழுதாகத் திறக்கும் இடம் ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், அந்த இடங்களை முன்கூட்டியே தாளில் குறித்துவிடுங்கள்.

படி 6: அந்த ஆரியா

இனி வில்லா-லோபோஸின் 'பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்' ஐந்தாம் எண். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முறையையும் பிரேசில் மண்ணின் பாட்டையும் ஒன்றாக்கி 1930க்கும் 1945க்கும் இடையில் அவர் எழுதிய ஒன்பது படைப்புகளில் ஒன்று. மூலம் ஒரு சொப்ரானோவுக்கும் எட்டு செல்லோக்களுக்கும். முதல் பகுதியான ஆரியா 1938இல் எழுதப்பட்டது, அதன் வரிகள் பாடகி ரூத் வலடாரிஸ் கொரேயாவுடையவை. இரண்டாம் பகுதியான நடனம் 1945இல் சேர்ந்தது, வரிகள் கவிஞர் மனுவேல் பண்டெய்ராவுடையவை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் 1937இல் அறிமுகமான பிரேசில் சொப்ரானோ பிடு சையாவ் 1945இல் இதைப் பதிவு செய்தார், வில்லா-லோபோஸே நடத்தினார். முதலில் அதைக் கேளுங்கள். பிறகு 1964இல் நாட்டுப்பாடகி ஜோன் பாயெஸ் அதே ஆரியாவைச் செல்லோக்களுடன் பாடியதைக் கேளுங்கள். ஒரே மெட்டு ஆபரா மேடையிலிருந்தும் வருகிறது, நாட்டுப்பாடல் மேடையிலிருந்தும் வருகிறது. இரண்டும் பொருந்துகின்றன.

ஆரியா மூன்று பகுதிகள். முதல் பகுதியில் சொல்லே இல்லை, அகாரம் மட்டும். கீழே செல்லோக்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் கம்பியைச் சுண்டுகின்றன, கிட்டாரைப் போல. அதாவது மூலத்திலேயே செல்லோ கிட்டாராக நடிக்கிறது. கிட்டாருக்கு மாற்றியபோது அந்த இசை தன் சொந்த வீட்டுக்குத் திரும்பியது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு விலை உண்டு. மூலத்தில் முதல் செல்லோ பாடகியின் மெட்டை ஒரு ஸ்தாயி கீழே கூடவே வாசித்துத் தாங்கும். கிட்டார் வடிவத்தில் அந்தத் துணை இல்லை, பாடகர் தனியே நிற்கிறார். மேலும் செல்லோவின் சுரம் நிற்கும், கிட்டாரின் சுரம் பிறந்த கணமே தேயத் தொடங்கும். ஆகவே செல்லோக்களோடு பாடும் நிதானம் இங்கே உதவாது. ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டு, பதிவில் கேட்டதைவிடச் சற்றே முன்னகரும் நடையில் பாடுங்கள். முதல் வளைவை எந்த இடத்தில் மூச்சுக்காக வெட்டுவது என்று இருவரும் பேசி முடிவெடுங்கள், வெட்டிய இடத்தில் கிட்டார் ஒரு கணம் காத்திருக்கட்டும்.

இந்தச் சொல்லில்லாப் பகுதியைப் பாடும்போது என் தோழிக்கு உதவியது ஆபராப் பயிற்சி அல்ல, அபோயு. வடகிழக்கில் மாடு மேய்ப்பவர்கள் மந்தையை அழைக்கும் பாட்டு அது. தாளக்கட்டு இல்லாமல், உயிரெழுத்துகளிலேயே நீண்டு இறங்கும். அதைச் சில நாள் கேட்டுவிட்டு வந்து பாடியபோது அவளது அகாரம் அரங்கத்தை நோக்காமல் வெளியை நோக்கித் திரும்பியது.

நடுப்பகுதியில் சொற்கள் வருகின்றன. அந்தி, மெல்ல நகரும் இளஞ்சிவப்பு மேகம், எழும் நிலவு. ஒரே சுரத்தில் பல சொற்கள் அடுக்கிவரும், ஏறக்குறைய ஓதுவது போல. குரலை அழகாக்க முயலாமல் சொல்லுங்கள், கதை சொல்பவர் குரல் போதும். கிட்டாருக்கு இங்கே கை நிறைய வேலை. எல்லாச் சுரங்களையும் வாசிக்க முயன்று தடுமாறுவதைவிட, அடிக்குரலையும் உச்சக் குரலையும் காப்பாற்றுவது மேல்.

மூன்றாம் பகுதியில் முதல் மெட்டு திரும்புகிறது, வாயை மூடிக்கொண்டு. கடைசியில் மூடிய வாயோடே மேலே தாவி, மிக மெல்லிய ஒலியில் நிற்க வேண்டும். ஆபராவில் உச்ச சுரம் என்றால் வாய் திறந்த வெற்றி. இங்கே அதே உயரம், மூடிய உதடுகளுக்குள். பல்வரிசைகள் ஒன்றையொன்று தொடாமல், நாக்கு கீழே படுத்திருக்க, உதடு மட்டும் மூடியிருக்கட்டும். தினமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இதைப் பழக வேண்டாம், குரல் களைத்துவிடும்.

படி 7: நாக்குக்கான பாடல்கள்

இரண்டாம் பகுதியான நடனத்துக்கு 'மார்டெலு' என்று பெயர், சுத்தியல் என்று பொருள். வடகிழக்கின் எம்போலாடா பாட்டை (முதல் படியில் சொன்ன பண்டெய்ரோப் போட்டிப் பாட்டு) நினைவூட்டும் அடுக்கடுக்கான அசைகள், நடுவில் பறவை ஒலிகள். நேரடியாக இதில் குதிக்காதீர்கள். எர்னானி பிராகா இசையமைத்த ஐந்து வடகிழக்கு நாட்டுப்பாடல்களில் 'எஞ்சேஞு நோவு' என்ற கரும்பாலைப் பாட்டு உண்டு. சக்கரம் சுழலும் வேகத்தில் சொற்கள் சுழலும். முதல் வாரம் பாடாமல் தாளத்தில் சொல்ல மட்டும் செய்யுங்கள், கொன்னக்கோல் போல. இரண்டாம் வாரம் கிசுகிசுப்பாக. மெட்டு மூன்றாம் வாரம்.

ஜைமி ஓவாலி இசையமைத்து பண்டெய்ரா எழுதிய 'அசுலாவ்' இதற்கு நேர் எதிர். ஒரு நீலப் பறவையைத் தூது அனுப்பும் சின்னப் பாட்டு. சங்க காலத்திலிருந்து தூது பாடி வந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

படி 8: யாருடைய பாட்டு என்று கேளுங்கள்

வில்லா-லோபோஸ் எடுத்தாண்ட பாடல்களில் பரேசி பழங்குடியினரின் பாடல்களும் உண்டு. 1912இல் மானுடவியலாளர் ரொக்கேத்தி-பிந்து மெழுகு உருளைகளில் பதிவு செய்து கொண்டுவந்தவை. ஆப்பிரிக்க வழி வழிபாட்டுப் பாடல்களும் உண்டு, அவை ஷாங்கோ போன்ற தெய்வங்களுக்கானவை. அவற்றைப் பாடினால் யாருடையது, எதற்கானது என்று மேடையில் சொல்லிவிட்டுப் பாடுங்கள். ஆரவாரத்துக்காக நிகழ்ச்சியின் கடைசியில் வைக்காதீர்கள்.

உரிமை விஷயம்: இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், பிரேசிலில் 70 ஆண்டுகள். வில்லா-லோபோஸ் இறந்தது 1959இல், பண்டெய்ரா 1968இல். இசையும் வரிகளும் தனித்தனிக் கணக்கு. பதிவு செய்து வெளியிடும் முன் எந்த நாட்டில் வெளியாகிறது என்று பார்த்து அனுமதி பெறுங்கள்.

படி 9: நிகழ்ச்சியை அடுக்குதல்

ஒரு மணி நேரம், இடைவேளை வேண்டாம். நூறு பேருக்கு மேல் கொள்ளாத அறை, முடிந்தால் மரத் தளம். கிட்டாருக்கு மைக் தேவைப்பட்டால் அது குரலுக்கும் பொதுவாக முன்னால் நிற்கும் ஒற்றை மைக்காக இருக்கட்டும்.

கோமிஸின் மொஜிஞாவில் தொடங்குங்கள். அடுத்து 'அசுலாவ்', பிறகு பெலெமின் நதிப் பாடல்கள். அதன் பின் 'இல் குவாரனி'யில் இரண்டாம் அங்கத்தில் கதாநாயகி செசி பாடும் கதைப்பாடல், அது மட்டுமே நிகழ்ச்சியின் நேரடி ஆபரா. இதுவரை அடங்கியிருந்த குரல் அங்கே முழுதாகத் திறக்கும்போது அறை நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். உடனே கரும்பாலைப் பாட்டுக்குத் தாவுங்கள், கைதட்டலுக்கு நேரம் தராமல்.

ஆரியாவை இறுதிக்கு முந்தியதாக வையுங்கள். கடைசிப் பாட்டாக 1958இல் வில்லா-லோபோஸ் எழுதிய 'மெலோடியா செண்டிமெண்டால்'. உறங்குபவளை எழுப்பி நிலவைப் பார்க்க அழைக்கும் பாட்டு. மேடையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பிடு சையாவ் அவருக்காகத் திரும்பி வந்து பதிவு செய்த தொகுதியில் இது இருக்கிறது. ஆரியாவில் எழுந்த நிலவு இங்கே வானில் நிற்கும்.

ஆரியா முடியும்போது கிட்டார் வாசிப்பவர் கையை எடுக்கக் கூடாது. பாடகரின் மூடிய உதடுகளில் ஒலி நின்ற பிறகும் அடிக்கம்பி இரண்டு நொடி அதிர்ந்துகொண்டிருக்கும். அது அடங்கும்வரை விரல் கம்பியின் மேல், தொடாமல், காத்திருக்கட்டும்.